குதிகாலைக் கவ்வுகிற நாய்

தம்பி,

இதை உன்னிடம் போனில் சொல்ல மூன்று தடவை முயற்சி பண்ணினேன். மூன்று தடவையும் "சாப்ட்டியா" என்று நான் கேட்க, நீ "ம்" என்று சொல்ல, வைத்துவிட்டோம். நேரில் சொல்லலாம் என்றால் நீ வருவதே கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். வீடு முழுக்க சொந்தக்காரர்கள் இருப்பார்கள், பந்தல்காரன் நிற்பான், உன் அத்தை ஒரு நிமிஷம் நம்மைத் தனியாக விடமாட்டாள். அதனால் எழுதுகிறேன். முப்பத்தி நாலு வருசம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுத்தவன், நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். கொஞ்சம் சுற்றி வளைத்தும் வருவேன். பயந்த ஆள் நேராக வரமாட்டான். படித்து முடித்ததும் ஜெனியிடமும் கொடு. இதை அவள் படித்தே ஆக வேண்டும்.

நிச்சயத்துக்கு மறுநாள் ஜெனி நம் வீட்டுக்கு வந்திருந்தாள் அல்லவா? நீங்கள் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தீர்கள், நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் புனேயில் ஒரு நாய் வளர்க்கலாமா என்று அந்தப் பிள்ளை ஆசையாகக் கேட்டாள். நீ சொன்னாய்: "நாய்ப் பேச்ச எடுக்காத ஜெனி. நான் வாங்கிக் குடுத்த நாய்தான் எங்கம்மாவக் கொன்னுச்சு. நாய்னு சும்மா சொல்றேன். நான்தான் கொன்னேன்." டம்ளர்களோடு நான் நிலைப்படியில் நின்றேன். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே வந்து டீயை வைத்துவிட்டு, "சக்கரை போதுமா பாரும்மா" என்று கேட்டேன். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ இதைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று மூன்று வருசமாக எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பன்னு வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ முதல் வேலைக்கு என்று புனே போன மூன்றாம் மாதம், ஒரு பிளாஸ்டிக் கூடையில் துண்டைப் போட்டு அதைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தாய். இரண்டு காதுதான் வெளியே தெரிந்தது. உடம்பு முழுக்க பேக்கரியில் அப்போதுதான் எடுத்த பன் நிறம், வயிறும் கழுத்தும் வெள்ளை. பன்னு என்று பேர் வைத்தது நீதான். "அம்மா தனியா இருப்பாங்க, துணைக்கு இருக்கட்டும்பா" என்றாய். அம்மாவும் சுகர் படுத்துகிறது என்று பள்ளி ஆபீஸ் வேலையை விட்டு வீட்டோடு வந்திருந்த நேரம். நானும் ரிட்டையர் ஆகி வீட்டில்தான் இருந்தேன். நான் இருக்கும்போதே அம்மா தனியாக இருப்பாள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது பார். அன்றைக்கு அது என் காதில் ஏறவே இல்லை.

முதலில் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. மாடு மேய்க்கிற நாய் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இந்தக் காலை வைத்துக்கொண்டா என்றேன். அப்புறம்தான் என் புத்தி சும்மா இருக்காதே, லைப்ரரியில் ஒரு புத்தகம், போனில் பத்துக் கட்டுரை என்று உட்கார்ந்து படித்தேன். வேல்ஸ் என்று இங்கிலாந்துக்கு மேற்கே ஒரு மலைநாடு. ஓயாத மழை, புல், கல் சுவர், மாடு. அங்கே குடியானவன் வீட்டு நாய் இது. அவர்கள் பாஷையில் 'கோர்' என்றால் குள்ளன், 'கி' என்றால் நாய். கோர்கி என்ற பேருக்கு அர்த்தம் அவ்வளவுதான், குள்ள நாய். நிலமெல்லாம் அரசனுக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் குடியானவன் தன் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வேலி போட்டுக்கொள்ளலாமாம், மிச்சமெல்லாம் பொது மேய்ச்சல். பொது இடம் என்றால் நம் தெருவில் கார் நிறுத்துகிற கதைதான். பக்கத்து வீட்டுக்காரன் மாடு நல்ல புல்லில் வந்து நின்றால் இந்தக் குள்ளனை ஏவிவிடுவார்கள். இது ஓசையில்லாமல் பின்னால் போய் மாட்டின் குதிகாலைக் கவ்வும். மாடு உதைக்கும். உயரமான நாயாக இருந்தால் தாடை உடைந்துவிடும். இது குள்ளம், படுத்துவிடும், உதை தலைக்கு மேலே போய்விடும். எழுந்து மறுபடி கவ்வும். குட்டைக் காலை அழகுக்காக யாரும் உண்டாக்கவில்லை. உதைபடாமல் பிழைத்த நாய்களின் வம்சம் அது.

இதைப் படித்த பிறகு எனக்கு அதன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. வேலி வந்து பொது மேய்ச்சல் போனதும் சொந்த மாட்டை ஓட்டப் பழகிக்கொண்டதாம், சந்தைக்கு வாத்துக் கூட்டத்தைக்கூட ஓட்டிக்கொண்டு போகுமாம். அப்புறம் அரண்மனைக்குள் போய் ராணி காலடியில் படுத்தது, உலகமே ஆசைப்பட ஆரம்பித்தது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு கதை உண்டு. காட்டில் வனதேவதைகள் இதன் முதுகில் ஏறிச் சவாரி போனார்களாம், தோளில் இருக்கும் நிற மாற்றம் சேணம் போட்ட தடமாம். உன் அம்மா பன்னுவின் முதுகைத் தடவித் தடவி அந்தத் தடத்தைத் தேடுவாள். சாயங்காலம் நான் அதைப் பிடித்துக்கொண்டு சேலையூர் ஏரிப் பக்கம் போனால் குறைந்தது மூன்று பேருக்குப் பாடம் எடுக்காமல் திரும்பமாட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் கேட்டான், "இன்னா சார் இது, நாயா நரியா? காலு எங்க கீது?" நான் நின்று வேல்ஸிலிருந்து ஆரம்பித்தேன். அவன் பாதியிலேயே, "சவாரி வந்துட்ச்சு சார்" என்று ஓடிவிட்டான். அம்மாவிடம் வந்து சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நாய் டைல்ஸ் தரையில் பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி விரித்துப் படுக்கிற அழகுக்கே யாரும் மயங்கிவிடுவார்கள், தம்பி. எனக்கு அதன் மேல் உயிர்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியும் என்பதற்காக. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. அந்த நாய் எதற்காகப் பிறந்தது, எங்கே கவ்வும், ஏன் கவ்வும் என்று இந்தச் சேலையூரிலேயே அதிகம் தெரிந்தவன் நான்தான். ஊசி போடப் போனபோது கால்நடை டாக்டரும் சொன்னார்: "சார், இது நடக்கிறவங்க குதிகாலக் கவ்வும். விளையாட்டுன்னு விட்றாதீங்க, குட்டியிலயே வேணாம்னு சொல்லிப் பழக்கிருங்க." சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நான் செய்தது அதற்கு நேர் எதிர்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தண்ணீர், கண்ணாடி, பேப்பர், டீ எல்லாவற்றுக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு குரல். அம்மா பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டோ, பக்கத்து வீட்டு ராஜிக்காவோடு காம்பவுண்ட் சுவர் மேலாகப் பேசிக்கொண்டோ இருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது, விழுந்தாலும் "இதோ வரேங்க" என்று அங்கேயே இருப்பாள். எனக்குக் கோபம் வரும். ஒருநாள் பன்னு தானாகவே போய் அவள் காலைக் கவ்விக் கவ்வி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரே குஷி. அன்றைக்கே அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "பன்னு, அம்மாவ கூட்டியா." கூட்டிவந்தால் முட்டை. இரண்டு மாதத்தில் கச்சிதமாகப் பழகிவிட்டது. நான் வாயெடுத்தால் போதும், ஓடும், அவளுக்குப் பின்னால் போய்க் குதிகாலில் ஒன்று வைக்கும், அவள் நகர்ந்தால் விடும், நின்றால் இன்னொன்று. என் நாற்காலி முன்னால் வரும்வரை விடாது. நான் அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். நீயும் சிரிக்கிற பொம்மை ஏழெட்டு அனுப்பினாய். நாயின் குறும்பு என்று நீ நினைத்தாய், அதில் தப்பில்லை. என் குரலை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தேன்.

அம்மா கோபப்படவில்லை. "முப்பத்திமூணு வருசம் நீங்க கூப்பிட்ட குரலுக்கு வந்தேன். இப்ப ஆள் அனுப்பிக் கூப்பிடுற அளவுக்கு வந்துட்டீங்களா" என்று கேலிதான் பண்ணினாள். பன்னுவைத் திட்டமாட்டாள். "அது மேல என்ன கோவம், அது வேலையச் செய்யுது" என்பாள். உன் அம்மாவின் பேச்சில் யார் மேல் கோபம் என்பதை நாமேதான் புரிந்துகொள்ள வேண்டும். நான் புரிந்துகொள்ள முயற்சி எடுத்ததே கிடையாது.

அடுத்ததைச் சொல்லத்தான் எனக்குக் கை வரவில்லை. அவள் போவதற்கு ஒரு வருசம் முன்பு சுகர் டாக்டர் அவள் உள்ளங்காலில் ஒரு நைலான் நரம்பை வைத்து அழுத்தி, "தெரியுதாம்மா, தெரியுதாம்மா" என்று கேட்டார். எந்த இடத்திலும் அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், ஆணி ஏறினாக்கூட இவங்களுக்குத் தெரியாது. ரெண்டு விஷயம். வீட்டுக்குள்ளயும் எம்.சி.ஆர் செருப்பு, சுகர்காரங்க போடுற மெத்து ரப்பர் செருப்பு, போடணும். தினமும் காலையில நீங்க அவங்க காலப் பாக்கணும், குறிப்பா குதிகால். அவங்களால குனிஞ்சு பாக்க முடியாது." செருப்பு வாங்கினோம், நீல வார் வைத்தது. வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்த முதல் நாளே நான் கத்தினேன். ஜெபம் பண்ணுகிற வீட்டுக்குள் செருப்பா? என் அப்பா காலத்திலிருந்து நம் வீட்டில் யாரும் வாசலைத் தாண்டிச் செருப்பைக் கொண்டுவந்தது கிடையாது, தெரியுமல்லவா? அவள் ஒன்றும் சொல்லாமல் கழற்றி வாசல் ஸ்டாண்டில் வைத்தாள். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே மட்டும் போட்டுக்கொண்டாள். ஆண்டவர் அவள் காலைப் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தேனோ என்னவோ.

கால் பார்ப்பதை ஒன்பது நாள் செய்தேன். காலை டிபனுக்கு முன்னால் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, காலை மடியில் தூக்கி வைத்துப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் வீட்டு வேலைக்காரம்மா பார்த்துவிட்டு, "சாருக்கு அக்கா மேல இம்மாம் பாசமா" என்று சிரித்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லும் என்று தோன்றியது. அன்றோடு நிறுத்திவிட்டேன். மாதாமாதம் டாக்டர் கேட்பார், "பாக்குறீங்களா சார்?" "டெய்லி பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர்" என்பேன். உன் அம்மா அப்போது சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பாள். என்னை ஒருநாளும் காட்டிக் கொடுக்கவில்லை.

அவள் குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருந்தது. பன்னுவின் பல் தோலைக் கிழிக்கிற பல் இல்லை, மாட்டுக்கே காயம் வராமல் கவ்வத் தெரிந்த பல். ஆனால் ஏற்கெனவே பிளந்த இடத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பட்டால் என்ன ஆகும்? அவளுக்கு வலிக்காது. வலித்திருந்தால் முதல் நாளே இரண்டு பேரையும் திட்டித் தீர்த்திருப்பாள்.

ஒரு காலை நேரம். ஹால் டைல்ஸில் சிவப்பாக ஒரு சொட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அம்மாதான் பார்த்தாள். "பன்னு கால்ல கண்ணாடி கிண்ணாடி குத்தியிருக்குங்க, பிடிங்க" என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அதை மல்லாத்தி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாக விரித்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாலு காலிலும் ஒன்றும் இல்லை. அப்படியும் மனசு கேட்காமல் டெட்டால் விட்டுத் துடைத்தாள். "பாவம், வாயில்லா ஜீவன், வலிச்சாலும் சொல்லத் தெரியாது" என்றாள். அவள் கால் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது, தம்பி. நான் தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் பார்த்திருப்பேன். திருப்பவில்லை. தரையை அவளே துடைத்தாள். மறுநாளும் சொட்டு, அதற்கு மறுநாளும். மூன்று நாளும் நாங்கள் நாயின் காலைத்தான் பார்த்தோம். அந்த மூன்று நாளும் நான் அதை ஏவிக்கொண்டும் இருந்தேன்.

நாலாம் நாள் காய்ச்சல். ராஜிக்கா கஞ்சி கொண்டுவந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அக்கா, என்ன இது வாடை அடிக்குது" என்று போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. ஜி.எஸ்.டி ரோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீழ் எலும்பு வரை போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள், அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மற்றது உனக்குத் தெரியும், பன்னிரண்டு நாளும் நீ கூடவே இருந்தாய்.

நீ வந்து சேர்ந்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் கேஸ் எழுதிக்கொண்டிருந்தார். "இந்தக் காயம் எப்படி ஆச்சு?" என்றார். நான் "நாய் கடிச்சிருச்சு டாக்டர்" என்றேன். நீ தோளில் பையோடு கதவோரம் நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தை உன் மேல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் நீ என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும், அந்த நாய் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நீ புனே போய்விட்டாய். நீ சொன்னதால்தான் அதை அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. அவள் போன ஐந்தாம் நாள் சாயங்காலம், டீ நேரம். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தவன், யோசிக்காமல் வாய்ப்பழக்கத்தில், "பன்னு, அம்மாவ கூட்டியா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அது எழுந்து ஓடியது. அடுப்படி, பின்வாசல், பெட்ரூம். மாடிப்படி ஏறிக் கொடிக்கயிறு வரை போய்விட்டு இறங்கிவந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. மறுபடி பின்வாசல். "வேணாம்டா, வா" என்று நான் கூப்பிட்டேன், அதற்கு அந்த வார்த்தையைப் பழக்கியிருந்தால்தானே கேட்கும். கடைசியில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து என் குதிகாலைக் கவ்வியது. சுரீர் என்றது. என் கால் நரம்புக்கு ஒரு கேடும் இல்லை. மறுபடி கவ்வியது. என்னை எழுப்பிப் பின்வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. நான் அழுதேன். அவள் போனதற்கு அன்றைக்குத்தான் அழுதேன்.

மறுநாளே படப்பைக்குக் கொண்டுபோனேன். என்னிடம் படித்த சேகர் அங்கே எட்டு மாடு வைத்திருக்கிறான், நாற்பது தாண்டிய ஆள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது பன்னு மாடு ஓட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் படித்ததை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். பின்னால் போகும், கவ்வும், மாடு உதைக்கும், தரையோடு தரையாகப் படுக்கும், எழுந்து அடுத்த மாட்டுக்குப் போகும். அவ்வளவு அழகு. பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஒன்று விளங்கியது. அந்த மாடுகள் வருகிற மாதிரியேதான் உன் அம்மா என் முன்னால் வந்து நின்றாள். நான் அவளை மாடு மாதிரி ஓட்டியிருக்கிறேன், வீடியோவும் எடுத்திருக்கிறேன். சேகர் பக்கத்தில் வந்து பெருமையாகச் சொன்னான்: "செம வேல செய்யுது சார். ஆனா ஒரு மாட்டுக்காச்சும் காயம் இருக்கா பாருங்க. காலையில பால் கறக்குறதுக்கு முன்னாடி எல்லா மாட்டுக் காலும் பாத்துருவேன் சார், அதெல்லாம் விட மாட்டேன்." நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

போன கோடையில் பன்னு செத்துப்போனது. நீண்ட முதுகு, குட்டைக் கால், இந்த இனத்துக்கு வயதானால் வருகிற கோளாறு என்றார்கள். பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டது. மாடு வெளியே போகிற நேரம் வந்தால் முன்னங்காலாலேயே இழுத்துக்கொண்டு வாசல் வரை வருமாம். சேகர் போன் பண்ணினான், போனேன். என்னைப் பார்த்ததும் அது காதைத் தூக்கி ஒரு வேலை சொல்வேன் என்று காத்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கால்நடை டாக்டர் கடைசி ஊசியைப் போட்டார். கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம். நீ அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. கால் எடுத்த மூன்றாம் நாள், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். அம்மா கண்ணைத் திறந்து, "நாய் கடிச்சிருச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்கல்ல" என்றாள். ஆமாம் என்றேன். "அது யார் வாங்கின நாய்? புள்ள தலையிலதான போய் விழும்?" நான் அவள் போர்வையை இழுத்துச் சரிபண்ணினேன். "நான் அவன்கிட்ட சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதனால நீங்களே சொல்லிருங்க" என்றாள். சரி என்றேன். "எப்ப?" என்றாள். "நீ வீட்டுக்கு வந்ததும்" என்றேன். அவள் வீட்டுக்கு வரவில்லை, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு மூன்று வருசம் ஓட்டிவிட்டேன். சாகப்போகிறவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. உன்னிடம் உண்மையைச் சொன்னால் எனக்கு மிச்சம் இருக்கிற நீயும் போய்விடுவாய் என்று பயம். உன் தலையில் பழியைப் போட்டுவிட்டு உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். என்ன அப்பன் நான்.

கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்கு அப்பா புத்தி சொல்வது வழக்கம். சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும். ஜெனியிடம் உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து போய்க் கேள். இருந்த இடத்திலிருந்து கூப்பிடாதே. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே, உன் அம்மா ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தாள். அந்தப் பிள்ளை நாய் கேட்டால் வாங்கிக் கொடு, இதே இனத்தைக் கேட்டாலும் வாங்கிக் கொடு. அந்த நாய்மேல் ஒரு தப்பும் இல்லை. வேணாம் என்ற வார்த்தையை முதல் வாரமே பழக்கிவிடு, போதும்.

ஜெனியிடம் நீ சொன்னதை மாற்றிச் சொல். உன் அம்மாவைக் கொன்றது நீ இல்லை. இந்தக் கடிதத்தைக் காட்டியே சொல். கல்யாணத்துக்கு நான் வரலாமா கூடாதா என்பதும் உன் இஷ்டம். வராதே என்றால் வரமாட்டேன். கேட்கிறவர்களிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவேண்டாம், உள்ளதைச் சொல். நான் இனி யாருக்கும் பொய் சொல்லப் போவதில்லை, எனக்காக நீயும் சொல்லாதே. வரச் சொன்னால் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால், என் நாற்காலியிலிருந்து எழுந்து, அம்மா கீரை ஆய உட்காரும் பின்வாசல் படி வரை நடந்து பார்த்தேன். முட்டி வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டாக எண்ணி மெதுவாகத்தான் நடந்தேன். பதினோரு எட்டு.

அப்பா